சீக்கியமும் இஸ்லாமும்

மனிதர்களை அல்லாஹ் சமூகங்களாகவும் கோத்திரங்களாகவும் ஆக்கியது, ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்காகவே (அல்குர்ஆன் 49:13). அவ்வகையில் சீக்கியரை அறிவோம்.

இறைவன் ஒருவனே, அவன் உருவமற்றவன் என்று குருநானக் (1469–1539) போதித்தார். சிலை வணக்கத்தையும் சாதி ஏற்றத்தாழ்வையும் சீக்கியம் மறுக்கிறது. சூஃபி ஞானி பாபா ஃபரீதின் பாடல்கள் அவர்களது வேதமான குரு கிரந்த சாஹிபில் இடம்பெற்றுள்ளன.

எனினும் இரண்டும் ஒன்றே எனக் கருதலாகாது. முஹம்மது நபி (ஸல்) அவர்களே இறுதித் தூதர் என்பது நமது ஈமான். அவர்களோ பத்துக் குருமார்களையும், 1708 முதல் கிரந்தத்தையே நிலையான குருவாகவும் ஏற்கின்றனர். நாம் மறுமை விசாரணையை நம்புகிறோம். அவர்கள் வினைவழி மறுபிறவியை நம்புகின்றனர். ஹஜ்ஜில் தலைமுடி மழிப்பது நமக்கு வணக்கம். தீட்சை பெற்ற கால்சா சீக்கியரோ முடியைக் களைவதே இல்லை.

நமக்கு ஹலாலான இறைச்சி அவர்களுக்கு விலக்கப்பட்டது. ஆகவே சீக்கிய அண்டை வீட்டாரை விருந்துக்கு அழைத்தால், காய்கறி உணவைத் தனியே சமைத்து வையுங்கள். வேறுபாட்டை அறிந்தவரே பிறர் கண்ணியத்தைக் காக்க இயலும். கொள்கையில் உறுதியும் அண்டை வீட்டாரிடம் கனிவும் முஃமினிடம் சேர்ந்தே இருக்கட்டும். வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக!