அதிகாரத்தோடு ஜெபித்தல்: நோயாளியின் கட்டிலருகே சில சிந்தனைகள்

தாம்பரம் என்றவுடன் இறையியல் மாணவர்களின் நினைவுக்கு வருவது, 1938 டிசம்பரில் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி வளாகத்தில் கூடிய அனைத்துலக அருட்பணி மாமன்றமாகும். கல்லூரி அதற்கு முந்தைய ஆண்டில்தான் நகரின் நெரிசலை விட்டு அவ்விடத்திற்குக் குடிபெயர்ந்திருந்தது. அம்மாமன்றத்திற்கென ஹென்றிக் கிரேமர் எழுதிய நூலையும், அதனோடு செஞ்சையா முதலானோர் நடத்திய வாதத்தையும் நாம் தேர்வுக்காகப் படித்திருக்கிறோம். மாமன்றத்தின் கட்டுரைகளைத் தாங்கி வெளிவந்த தொகுதிகளுள் முதலாவதற்கு, 'விசுவாசத்தின் அதிகாரம்' எனப் பொருள்படும் தலைப்பே இடப்பட்டது.

அதே தாம்பரத்தில், கல்லூரிக்குச் சிறிது தொலைவில், மற்றோர் இடம் உண்டு. இங்கிலாந்தில் காசநோயாளருக்குச் சிகிச்சை அளித்து அனுபவம் பெற்ற டாக்டர் சௌரி முத்து 1928இல் அங்கே ஒரு சானடோரியத்தைத் தொடங்கினார். 1937இல் அரசு அதனை ஏற்றுக்கொண்டது. இன்று அது அரசு நெஞ்சக நோய் மருத்துவமனையாயினும், ரயில் நிலையம் உட்பட யாவரும் பழைய பெயரையே வழங்குகின்றனர். 1990களில் எச்.ஐ.வி. நோயாளரைத் தயங்காமல் சேர்த்துக்கொண்ட மருத்துவமனை அது. 2004 ஏப்ரலில் நடுவண் அரசு அந்நோய்க்கான கூட்டு மருந்துகளை இலவசமாக வழங்கத் தொடங்கியபோது, முதலில் வழங்கிய நிலையங்களுள் ஒன்றாகவும் விளங்கிற்று. விசுவாசத்தின் அதிகாரம் எத்தகையது என்னும் வினா அங்கே நூல் தலைப்பாக வருவதில்லை. கட்டிலருகே நிற்கும் போதகரை நோக்கி, "ஐயா, ஜெபம் பண்ணுங்க" என்னும் குரலாக வருகிறது.

நம் மாணவர் ஒருவர் நோயாளரைச் சந்திக்கும் பயிற்சிக்காகச் சில ஆண்டுகளுக்கு முன் அங்குச் சென்றுவந்தார். காசநோயால் மெலிந்திருந்த ஒரு கூலித் தொழிலாளிக்காக அவர் தாழ்ந்த குரலில் ஜெபித்து, ஆண்டவருக்குச் சித்தமானால் சுகமளிக்க வேண்டுமென்று முடித்தார். நோயாளியின் மனைவி ஆமென் சொன்னார்; முகத்தில் மலர்ச்சியில்லை. மறுவாரம் அக்குடும்பம் சார்ந்த சபையின் ஜெபக்குழுத் தலைவர் ஒருவர் வந்தார். நோயின் ஆவியைக் கட்டுவதாகவும், அது அந்நேரமே வெளியேற வேண்டுமென்றும் உரத்த குரலில் கட்டளையிட்டார். நோயாளி எழுந்து உட்கார்ந்தார், மனைவி அழுதார். மாணவர் நம்மிடம் வந்து, தம் ஜெபத்தில் ஏன் அதிகாரமில்லை என்று கேட்டார். அவருக்கு விடை சொல்லி முடிக்குமுன்னரே அடுத்த செய்தி வந்தது. வீடு திரும்பிய நோயாளி, சுகம் பெற்றபின் மாத்திரை உண்பது அவிசுவாசம் என்று சொல்லப்பட்டதை நம்பி மருந்தை நிறுத்திவிட்டார். நான்கு மாதங்களுக்குப் பின் முன்னிலும் மோசமான நிலையில் அவரைக் கொண்டுவந்து சேர்த்தனர்.

காசநோயின் இயல்பு இவ்விடத்தில் நன்கு அறியற்பாலது. தக்க மருந்து தொடங்கிய சில வாரங்களிலேயே காய்ச்சல் தணிகிறது, இருமல் குறைகிறது, பசி எடுக்கிறது. கிருமிகளோ எஞ்சியிருக்கின்றன. ஆகவேதான் குறைந்தது ஆறு மாதம் மருந்துண்ண வேண்டுமென்கின்றனர். இடையில் நிறுத்துவோரிடம் மருந்துக்கு அடங்காத கிருமிகள் தலைதூக்கக்கூடும். அவை வீட்டிலுள்ள குழந்தைகளுக்கும் பரவும். 1956இல் சென்னையில் தொடங்கிய புகழ்பெற்ற ஆய்வு, வீட்டிலிருந்தே மருந்துண்டவர்கள் சானடோரியத்தில் தங்கியவர்களுக்கு ஒப்பாகவே குணமடைந்ததைக் காட்டிற்று. அதுமுதல் சிகிச்சையின் பாரம் நோயாளியின் விடாமுயற்சியின்மேலும், வீட்டில் அவருக்கு ஆலோசனை சொல்வோர்மேலும் விழுந்தது. அவ்வாலோசகருள் போதகர் முதன்மையானவர் என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

இனி மாணவரின் கேள்விக்கு வருவோம். அதிகாரத்தோடு ஜெபிப்பது வேதத்திற்கு முரணானதென்று சொல்லித் தப்பிக்க இயலாது. லூக். 9:1இல் ஆண்டவர் பன்னிருவருக்கு வல்லமையையும் அதிகாரத்தையும் அளிக்கிறார். கிரேக்க மூலத்தில் முன்னது 'தூனாமிஸ்', பின்னது 'எக்ஸூசியா'. தூனாமிஸ் ஒருவரிடமுள்ள ஆற்றலைக் குறிக்கும். எக்ஸூசியாவோ மேலுள்ளவர் அளித்த உரிமை. அளித்தவரோடுள்ள உறவு அறுந்தால் அதுவும் அறும். நம் வழக்கில் இவ்விரண்டும் ஒன்றாகக் கலந்துவிட்டன. குரலின் உயரத்தையும் நோயாளியின் நடுக்கத்தையும் கண்டு, ஒருவரிடம் 'அதிகாரம்' இருப்பதாகச் சொல்லுகிறோம். உண்மையில் நாம் வியப்பது அவருடைய ஆற்றலை. அதுவும் பெரும்பாலும் தொண்டையின் ஆற்றலை.

கப்பர்நகூம் நூற்றுக்கதிபதியின் பேச்சு இதற்குத் தக்க விளக்கம் (மத். 8:9). நம் பழைய மொழிபெயர்ப்பில் அவன் தான் அதிகாரத்துக்குக் கீழ்ப்பட்டவனாய் 'இருந்தும்' தனக்கும் கீழ்ப்பட்டோர் உண்டு எனச் சொல்வதாக அமைந்துள்ளது. அந்த 'உம்' வாக்கியத்தின் நரம்பைத் தளர்த்திவிடுகிறதென்பது நம் கருத்து. கிரேக்கத்தில் எதிர்மறைத் தொனி இன்றியமையாததன்று. தான் கீழ்ப்பட்டிருப்பதனாலேயே தன் சொல் செல்லுகிறது என்று அவன் சொல்வதாகக் கொள்வதே பொருத்தம். அவன் வாயில் பேசுவது ரோமப் பேரரசு. பேரரசின் கட்டளைக்குப் புறம்பாக அவன் ஒரு சேவகனை அனுப்பினால் அவ்வதிகாரம் அங்கேயே முடிந்துவிடும். இயேசுவிடமும் இதே ஒழுங்கைக் கண்டதனாலேயே அவன் விசுவாசம் வியக்கத்தக்கதாயிற்று.

இவ்வொழுங்கை அப்போஸ்தலர் நடபடிகளில் இன்னும் தெளிவாகக் காணலாம். யோப்பாவில் தொற்காள் இறந்து கிடந்த மேலறையில் (அப். 9:40) பேதுரு எல்லாரையும் வெளியே அனுப்புகிறார், முழங்காற்படியிட்டு ஜெபிக்கிறார், அதன்பின் உடலின் பக்கமாய்த் திரும்பி, எழுந்திருக்கச் சொல்லுகிறார். ஜெபம் தேவனை நோக்கியது. கட்டளை இறந்தவளை நோக்கியது. இரண்டிற்கும் நடுவே பேதுரு திரும்புகிறார். லாசருவின் கல்லறையில் ஆண்டவரும் முதலில் பிதாவை நோக்கி நன்றி கூறி, பின்னரே மரித்தவனை அழைத்தார் (யோவா. 11:41–43). நற்செய்தி நூல்களில் கட்டளை நோய்க்கும் ஆவிக்கும் காற்றுக்கும் இடப்படுகிறது. பிதாவுக்கு எவரும் இடுவதில்லை. நம் கூட்டங்களில் கேட்கப்படும் பல ஜெபங்களில் இந்தத் திரும்புதலே இல்லை. தேவனிடம் பேசுகிறோமா, பிசாசிடம் பேசுகிறோமா, சுற்றி நிற்போரிடம் பேசுகிறோமா என்பது பேசுகிறவருக்கே தெளிவாயில்லை. சிற்சில வேளைகளில் தேவனுக்கே கெடு வைக்கப்படுகிறது.

'கட்டுகிறேன்' என்னும் சொல்லைக் குறித்தும் ஒன்று கூற வேண்டும். மத். 16:19, 18:18 ஆகிய இடங்களில் கட்டுதலும் அவிழ்த்தலும் யூத ரபிமாரின் வழக்கைத் தழுவி, சபை எதை விலக்குகிறது, எதை அனுமதிக்கிறது என்னும் தீர்ப்பைக் குறிக்கின்றன. பதினெட்டாம் அதிகாரத்தில் பேச்சு குற்றம் செய்த சகோதரனைப் பற்றியதே. பலவானைக் கட்டுதல் (மாற். 3:27) வேறு பொருளுடையது, அதைச் செய்பவரும் கிறிஸ்துவே. ஆனால் தமிழ்ச் செவிக்கு இச்சொல் புதிதன்று. வாய்க்கட்டு, திசைக்கட்டு என்று மந்திரவாதி சொல்லக் கேட்டு வளர்ந்த செவி அது. சொல் ஒன்றாயிருப்பதனால் செயலும் ஒன்றாகக் கொள்ளப்பட்டு, இயேசுவின் நாமம் சரியாக உச்சரிக்கப்பட்டால் பலிக்கும் மந்திரமாகிவிடுகிறது. எபேசுவில் ஸ்கேவாவின் குமாரர் செய்த பிழை இதுவே (அப். 19:13–16). அவர்கள் நாமத்தைச் சரியாகவே உச்சரித்தனர், நாமத்திற்குரியவருக்குக் கீழ்ப்பட்டிருக்கவில்லை.

இவ்வளவும் சொல்லி, மாணவரின் தாழ்ந்த குரலே சிறந்ததென்று நாம் தீர்ப்பளித்துவிட முடியாது. அவருடைய 'சித்தமானால்' எங்கிருந்து வந்தது என்று அவரே பின்னர் யோசித்துப் பார்த்தார். ஏமாற்றம் நேர்ந்தால் தமக்கும் தேவனுக்கும் ஒரு தப்பும் வழி வைத்துக்கொள்ளவே அதைச் சொன்னதாக ஒப்புக்கொண்டார். இதில் அவர் தனியரல்லர். கெத்செமனேயில் ஆண்டவர் பாத்திரம் நீங்கும்படி முதலில் வெளிப்படையாகக் கேட்டார், பின்னரே தம்மை ஒப்புக்கொடுத்தார் (மாற். 14:36). நாமோ கேளாமலேயே ஒப்புக்கொடுத்துவிடுகிறோம். மோசே பொன் கன்றுக்குட்டியின் நாளில் தேவனோடு வழக்காடினான், சங்கீதக்காரர் முறையிட்டனர், உவமையில் வரும் விதவை நீதிபதியை ஓயவிடவில்லை. நம் சபைகளின் நோயாளர் சுகமளிக்கும் கூட்டங்களை நாடிச் செல்வதற்கு, நாம் மூன்று நிமிட ஜெபத்தோடு கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு எழுந்து வந்துவிடுவதும் ஒரு காரணமாகும்.

ஆயினும் கேட்டவையெல்லாம் கிடைக்குமென்னும் உறுதி பவுலுக்கும் அளிக்கப்படவில்லை. பிலிப்பியில் குறிசொல்லும் ஆவிக்குக் கட்டளையிட்டவர், தம் சரீரத்திலுள்ள முள்ளுக்காக மூன்றுதரம் வேண்டியும் அது நீங்கப்பெறவில்லை. எப்பாப்பிரோதீத்து மரணத்துக்குச் சமீபமாய் வியாதிப்பட்டிருந்தான். துரோப்பீமு மிலேத்துவில் நோயாளியாக விடப்பட்டான். தீமோத்தேயுவுக்கோ வயிற்றின் பலவீனத்திற்காகச் சிறிது திராட்சரசம் பரிந்துரைக்கப்பட்டது. இறுதி இரண்டும் வரும் நிருபங்களின் ஆசிரியர் யார் என்னும் வாதம் எவ்வாறாயினும், ஆதித் திருச்சபை இச்செய்திகளை மறைக்கவில்லை. இவர்களுள் எவரிடமும் உன் விசுவாசம் குறைவென்று சொல்லப்படவுமில்லை.

மருந்தை நிறுத்தச் சொன்ன ஜெபக்குழுத் தலைவருக்கு நாம் காட்ட விரும்பும் பகுதி மாற். 1:40–44 ஆகும். குஷ்டரோகியைத் தொட்டுச் சுத்தமாக்கிய ஆண்டவர், அவனை நேரே ஆசாரியனிடம் அனுப்புகிறார். லேவியராகமம் 13, 14ஆம் அதிகாரங்களின்படி, தோலைப் பார்த்து நோய் உண்டா இல்லையா என்று சோதித்தறியும் பொறுப்பு ஆசாரியனுடையது. அதிகாரமுள்ளவர் தாம் அளித்த சுகத்தையே சோதனைக்கு உட்படுத்தினார். அதனால் அவருடைய அதிகாரம் குறைந்துவிடவில்லை. இன்று அவ்வேலையைச் சளிப் பரிசோதனைக்கூடம் செய்கிறது. சுகம் கிடைத்ததென்று நம்புகிறவர் அங்கே செல்ல அஞ்ச வேண்டியதில்லை. மருந்தை நிறுத்தும் நாளை மருத்துவரே குறிக்கட்டும். எச்.ஐ.வி. நோயாளரிடம் இது இன்னும் கண்டிப்பாகச் சொல்லப்பட வேண்டும். அம்மருந்து வாழ்நாள் முழுவதும் உண்ணப்பட வேண்டியது.

அந்தத் தொழிலாளி மீண்டும் சேர்க்கப்பட்டபின் மாணவர் வாரந்தோறும் அவரிடம் சென்றார். யாக்கோபு 5:14 மூப்பர்களைப் பன்மையில் குறிப்பிடுவதை எடுத்துக்காட்டி, சபையின் மூப்பர் இருவரையும் அந்த ஜெபக்குழுத் தலைவரையும் உடன் அழைத்துச் சென்றார். தலைவர் முதலில் வர மறுத்தார். வந்தபின் நோயாளியின் முகத்தைப் பார்க்க அவரால் இயலவில்லை. அன்றைய ஜெபத்தில் எவரும் உரக்கப் பேசவில்லை. அடுத்த கட்டிலிலிருந்த முதியவர் உறங்கிக்கொண்டிருந்தார், அவர் வேறு சமயத்தவர். மாணவர், சுகமளிக்க வேண்டுமென்று நிபந்தனையின்றி வெளிப்படையாகக் கேட்டார். பின்பு நோயாளியின் பக்கமாய்த் திரும்பி, இயேசுவின் நாமத்தில் அவருக்கு இரண்டு காரியங்களைச் சொன்னார்: பயப்பட வேண்டாம், ஒரு வேளைகூடத் தவறாமல் மாத்திரை உண்ண வேண்டும். செவிலியர் மருந்து கொண்டுவரும் நேரம் அது. தண்ணீர்க் குவளையை எடுத்துக் கொடுத்தவர் ஜெபக்குழுத் தலைவர்.