காலை உணவுக்கு கிரனோலா: வீட்டிலேயே செய்யலாம்



காலை அவசரத்தில் டீயும் பிஸ்கட்டுமாகப் பசியை அடக்கிவிட்டு ஓடுவது பல வீடுகளில் வழக்கமாகிவிட்டது. அதற்கு மாற்றாகச் சிலர் கடையில் கிரனோலா பாக்கெட் வாங்குகிறார்கள். ஓட்ஸ், பருப்புகள், விதைகள் சேர்ந்த உணவு என்பதால் சத்தானதுதான். ஆனால், அதில் சேரும் இனிப்பின் அளவைக் கவனிக்க வேண்டும்.

1863-ல் அமெரிக்காவில் ஜேம்ஸ் காலேப் ஜாக்சன் என்ற மருத்துவர் தம் நோயாளிகளுக்காக முழுக்கோதுமை மாவைச் சுட்டு உடைத்துத் தயாரித்த உணவே இதற்கு முன்னோடி. பல் உடையும் அளவுக்குக் கெட்டியான அதைப் பாலில் ஊறவைத்துத்தான் சாப்பிட முடியும். இன்று விற்பனைக்கு வருபவற்றில் பல, தின்பண்டம் போல இனிக்கின்றன. பாக்கெட்டின் பின்புறம் பாருங்கள். எடையில் அதிகமானது முதலில் வரும்படிதான் சேர்மானங்களை அச்சிடுவார்கள். சர்க்கரையோ குளுக்கோஸ் சிரப்போ முதல் மூன்று இடங்களுக்குள் இருந்தால் அதை வாங்காதீர்கள்.

தேவையானவை:
ஓட்ஸ் (ரோல்டு) – 3 கப்
தோல் நீக்கிய வேர்க்கடலை – அரை கப்
நறுக்கிய பாதாம் – கால் கப்
பூசணி விதை – கால் கப்
எள் – 2 மேசைக்கரண்டி
தேன் – 3 மேசைக்கரண்டி
கடலை எண்ணெய் – 3 மேசைக்கரண்டி
பட்டைத்தூள் – 1 டீஸ்பூன்
உப்பு – ஒரு சிட்டிகை
உலர் திராட்சை – கால் கப்

செய்முறை: அடி கனமான வாணலியில் வேர்க்கடலையை முதலில் வறுத்து எடுத்து வையுங்கள். பிறகு ஓட்ஸ், பாதாம், விதைகளைச் சிறு தீயில் ஏழெட்டு நிமிடம் வாசம் வரும்வரை வறுங்கள். தேன், எண்ணெய், உப்பு, பட்டைத்தூள் கலந்து ஊற்றி, கைவிடாமல் கிளறி, பொன்னிறம் வந்ததும் இறக்கி, வேர்க்கடலையைச் சேருங்கள். அவன் வைத்திருப்பவர்கள் எல்லாவற்றையும் கலந்து தட்டில் பரப்பி, 150 டிகிரியில் 25 முதல் 30 நிமிடம் வைக்கலாம்; நடுவில் ஒருமுறை கிளறிவிடுங்கள்.

சூடாக இருக்கும்போது மெத்தென்றுதான் இருக்கும். ஆற ஆறத்தான் மொறுமொறுப்பு வரும். முழுதாக ஆறுமுன் மூடினால் நீர் கோர்த்து நமுத்துவிடும். திராட்சையை ஆறிய பிறகே சேருங்கள். வறுபட்டால் அது கல்லாகிவிடும். காற்றுப் புகாத டப்பாவில் இரண்டு வாரம் வைத்துக்கொள்ளலாம்.

இந்த அளவில் சுமார் 12 பேருக்கு வரும். ஒருவர் பங்குக்கு ஒரு டீஸ்பூன் தேன்கூட இருக்காது. வீட்டில் செய்வதன் பெரிய பயன் இதுதான். அதேசமயம், பருப்பும் எண்ணெயும் இருப்பதால் 50 கிராமிலேயே 200 கலோரிக்கு மேல் உண்டு. ஆகவே அரை கப் போதும்; பாலோ தயிரோ சேர்த்து, ஒரு பழத்துடன் சாப்பிடுங்கள்.

கவனிக்க வேண்டியவை: தேன் இயற்கையானது, எவ்வளவும் சாப்பிடலாம் என்று நினைக்க வேண்டாம், உடலுக்கு அதுவும் சர்க்கரையே. வாப்பாவுக்கோ உம்மாவுக்கோ சர்க்கரை நோய் இருந்தால், தேனையும் திராட்சையையும் விட்டுவிட்டுச் செய்து கொடுங்கள். ஓட்ஸில் உள்ள நார்ச்சத்து, சாப்பிட்டபின் சர்க்கரை ஏறும் வேகத்தைக் குறைக்கும். ஆனால் இட்லி சாப்பிட்ட பிறகு இதையும் சாப்பிட்டால் பயனில்லை. இட்லிக்குப் பதிலாகச் சாப்பிட வேண்டும். அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் சேர்ந்த எதையும் கொடுக்கக் கூடாது. ஐந்து வயதுக்குட்பட்டவர்களுக்கு முழுப் பருப்புகள் தொண்டையில் சிக்கும் அபாயம் உண்டு. நன்றாகப் பொடித்துக் கொடுங்கள். வேர்க்கடலை, எள் ஒவ்வாதவர்கள் அவற்றைத் தவிர்த்துவிடுங்கள்.

முதல்முறை பாதி அளவில் செய்து பாருங்கள். வீட்டார் இனிப்பு போதவில்லை என்றால் தேனைக் கூட்டாமல், சாப்பிடும்போது வாழைப்பழத்தை நறுக்கிப் போட்டுக் கொடுங்கள்.