இணையச் சூதாட்டத்தில் அடையாளச் சரிபார்ப்பு (பெரிய பிரித்தானியா)

இணையச் சூதாட்டத் தளத்தில் கணக்குத் தொடங்குபவர் யார், அவருடைய வயது என்ன என்பதை அத்தளத்தை நடத்தும் நிறுவனம் உறுதி செய்துகொள்வது அடையாளச் சரிபார்ப்பு எனப்படும். 18 வயது நிரம்பாதவர்களைத் தடுப்பதும், கறுப்புப் பணம் வெள்ளையாக்கப்படுவதைத் தடுப்பதும் இதன் முக்கிய நோக்கங்கள். பெரிய பிரித்தானியாவில் இதற்கான விதிகளை, 2005 ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டத்தின்படி அமைந்த சூதாட்ட ஆணையம் வகுக்கிறது.

முன்பு, வயதைச் சரிபார்க்க நிறுவனங்களுக்கு 72 மணி நேரம் வரை அவகாசம் இருந்தது. அதற்குள் ஒருவர் பணம் கட்டி ஆடிவிட முடிந்தது. பணம் கட்டும்போது கேட்காத சான்றுகளை, வென்ற பணத்தை எடுக்கும்போது கேட்கிறார்கள் என்று வாடிக்கையாளர்கள் பலர் புகார் செய்தனர். அதாவது, தோற்றவரிடம் கேட்கப்படாத சான்று வென்றவரிடம் மட்டும் கேட்கப்பட்டது.

2019 மே 7 முதல் விதி மாறியது. பெயர், முகவரி, பிறந்த தேதி ஆகியவற்றைச் சரிபார்த்த பின்னரே ஒருவரை ஆட அனுமதிக்க வேண்டும். முன்னரே கேட்டிருக்கக்கூடிய விவரத்தை, பணம் எடுப்பதற்கான நிபந்தனையாகப் பின்னர் கேட்கக் கூடாது. எந்தெந்த ஆவணங்கள் தேவைப்படலாம் என்பதையும் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். பணமோசடித் தடுப்பு போன்ற சட்டக் கடமைகளுக்காக விவரம் கேட்க நேர்ந்தால் மட்டும் இதற்கு விலக்கு உண்டு.

நிறுவனத்திடம் அளித்த புகார் எட்டு வாரங்களில் தீராவிட்டால், வாடிக்கையாளர் கட்டணமின்றித் தனி நடுவர் அமைப்பை நாடலாம்.

சரிபார்ப்பு எல்லோருக்கும் பொது. அதை எப்போது செய்கிறார்கள் என்பதில்தான் நியாயம் அடங்கியுள்ளது.