கடல் தாண்டும் காகிதங்கள் – 11: அந்த ஒரு ‘இல்லை’

ஆஃபர் லெட்டரின் நிஜம், போலி எல்லாம் போன வாரமே பார்த்தாயிற்று. விட்டவர்கள் பழைய இதழைத் தேடிக்கொள்ளுங்கள். இந்த வாரம் வங்கிக் கையிருப்பு என்று வாக்குக் கொடுத்திருந்தேன். நடுவில் கனடா மாணவர் விசா விண்ணப்பத்தில் இருக்கும் ஒரு கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது.

கனடாவோ வேறு எந்த நாடோ இதுவரை உங்களுக்கு விசா மறுத்திருக்கிறதா, நுழைய விடாமல் தடுத்திருக்கிறதா, வெளியேறச் சொல்லியிருக்கிறதா? இதுதான் கேள்வி. ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள். ‘வேறு எந்த நாடோ’ என்ற இடத்தில்தான் நம் பிள்ளைகள் வழுக்குகிறார்கள்.

எப்படி என்று பாருங்கள். ஒரு பையன் சென்னை ஜெமினி மேம்பாலத்தருகே உள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்துக்குப் போகிறான். இரண்டு நிமிட நேர்காணல். அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்தின் 214(பி) பிரிவைக் குறிப்பிட்டு ஒரு தாளைக் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். படிப்பு முடிந்து ஊர் திரும்புவான் என்று அந்த அதிகாரிக்கு நம்பிக்கை வரவில்லை, அவ்வளவே. இது தடை அல்ல. கட்டணத்தை மறுபடி கட்டி மறுபடி விண்ணப்பிக்கலாம். ஆனால் வீட்டில் துக்கம் விசாரிக்க ஆள் வருகிறது. ‘சரி, கனடா பார்ப்போம்’ என்று ஒரு கன்சல்டன்சியில் போய் உட்கார்கிறார்கள். படிவம் நிரப்புகிறவர் அந்தக் கேள்விக்கு ‘இல்லை’ என்று தட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கிறார்.

கனடா கைரேகை வாங்குகிறது. அமெரிக்கா ஏற்கெனவே வாங்கி வைத்திருக்கிறது. இந்த இரண்டு நாடுகளும் பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்தும் குடியேற்றத் தகவல்களைத் தங்களுக்குள் பகிர்ந்துகொள்கின்றன. ஆகவே கேள்வி கேட்கும்போதே பதில் அவர்கள் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது.

கனடாவின் குடியேற்றச் சட்டத்தில் 40ஆம் பிரிவு இதைத்தான் கவனிக்கிறது. முக்கியமான தகவலைத் திரித்தாலோ மறைத்தாலோ 5 ஆண்டு தடை. 2014 நவம்பர் வரை இது 2 ஆண்டாக இருந்தது. அந்தப் பிரிவில் அதிகாரி ஏமாந்திருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. ஏமாந்துபோக வாய்ப்பிருந்தாலே போதும். உண்மையைச் சொல்லியிருந்தால் அந்த அமெரிக்க மறுப்பைக் கடந்து கனடா விசா கிடைத்திருக்கக்கூடும். மறைத்ததால் 5 ஆண்டு போயிற்று.

ஈரோட்டுப் பக்கத்து வாசகர் ஒருவர், போக்குவரத்துக் கழகத்தில் ஓய்வு பெற்றவர், போனில் என்னை மடக்கினார். “பொண்ணுக்குப் பழைய சம்பந்தம் ஒண்ணு தட்டிப்போச்சுன்னு புதுசா வர்ற மாப்பிள்ளை வீட்ல நாமளா போய்ச் சொல்லுவமாங்க சார்?” என்றார். நியாயமான கேள்வி. புது மாப்பிள்ளை வீடும் பழைய மாப்பிள்ளை வீடும் ஒரே பதிவேட்டைப் புரட்டுகிறவர்கள் என்றால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். சிரித்துவிட்டு மகளிடம் போனைக் கொடுத்தார். அந்தப் பெண் கேட்டது இன்னும் கூர்மை: “பொய் சொன்னது கன்சல்டன்சி. தடை எனக்கா சார்?”

உனக்குத்தான் அம்மா, பெரும்பாலும். ஆனால் நாட்டுக்கு நாடு கணக்கு மாறுகிறது. ஆஸ்திரேலியாவில் போலி ஆவணம் கொடுத்தால் 3 ஆண்டு. ஆள் அடையாளத்திலேயே பொய் என்றால் 10. 2014இல் திரிவேதி என்பவரின் வழக்கில் அங்குள்ள ஃபெடரல் நீதிமன்றத்தின் முழு அமர்வு சொன்னது: யாரோ ஒருவர் வேண்டுமென்றே மோசடி செய்திருக்க வேண்டும், ஆனால் அது விண்ணப்பதாரருக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பிரிட்டனில் ஏமாற்று என்று முத்திரை விழுந்தால் 10 ஆண்டு. அங்கே 2010இல் ஒரு நைஜீரியரின் வழக்கு. வாகனக் குற்றங்களுக்குத் தண்டனை பெற்றதைப் படிவத்தில் சொல்லாமல் விட்டவர். ‘பொய்’ என்றால் நேர்மையற்ற எண்ணத்தோடு சொன்னதாக இருக்க வேண்டும், தெரியாத பிழை அதில் சேராது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. இதை நம்பி அலட்சியமாக இருந்துவிடாதீர்கள். தெரியாமல் போன போலிக்கும் விசாவை மறுக்கலாம். 10 ஆண்டு தடைதான் வராது.

கனடாவில் ‘ஏஜென்ட் செய்தது எனக்குத் தெரியாது’ என்ற வாதம் நீதிமன்றத்தில் மீண்டும் மீண்டும் தோற்றிருக்கிறது. 2023இல் ஒரு விதிவிலக்கு நடந்தது. ஜலந்தர் ஏஜென்ட் ஒருவர் போலிக் கல்லூரிக் கடிதங்களைக் கொடுத்து மாணவர்களை அனுப்பியிருந்தார். போய் இறங்கியதும் ‘அந்தக் கல்லூரியில் இடம் நிரம்பிவிட்டது, வேறு கல்லூரியில் சேருங்கள்’ என்பார். சேர்ந்து படித்து, சிலர் வேலைக்கும் போய், நிரந்தர வசிப்புரிமைக்கு விண்ணப்பித்தபோதுதான் குட்டு வெளிப்பட்டது. மாணவர்கள் தெருவில் உட்கார்ந்து போராடினார்கள். ஒவ்வொரு கோப்பையும் தனியாக ஆராய்ந்து, மோசடி தெரியாமல் நிஜமாகவே படிக்க வந்தவர்களுக்கு 5 ஆண்டு தடை இல்லை என்று ஜூன் மாதம் அப்போதைய குடியேற்ற அமைச்சர் ஷான் ஃப்ரேசர் அறிவித்தார். ஏஜென்டுக்கு அடுத்த ஆண்டு வான்கூவர் நீதிமன்றத்தில் 3 ஆண்டு சிறை. எல்லோருக்கும் தெருவும் அமைச்சரும் வாய்க்காது.

இனி, இந்த வாரம் என்னைத் தூங்கவிடாத விஷயம். அமெரிக்காவில் வேண்டுமென்றே பொய் சொல்லி விசா கேட்டவருக்கு வாழ்நாள் தடை. விலக்கு கேட்கலாம், கிடைப்பது அவர்கள் தயவு. இப்படிப்பட்ட நாட்டின் தூதரக அதிகாரிகளுக்கான கையேட்டில், சொன்ன பொய்யைத் திரும்பப் பெற ஒரு வழி இருக்கிறது! உரிய நேரத்தில் தானாக முன்வந்து ‘நான் சொன்னது தவறு, உண்மை இது’ என்று சொல்லிவிட்டால், அந்தப் பொய் சொல்லப்படாததாகவே ஆகிவிடும். கறாரான அரசாங்கக் கையேட்டில் இப்படி ஒரு பாவமன்னிப்பை யார் எழுதி வைத்தது என்று வியந்துகொண்டே இருக்கிறேன். நிபந்தனை நேரத்தில் இருக்கிறது. கிடைக்கும் முதல் வாய்ப்பிலேயே சொல்ல வேண்டும். அதிகாரி திரையைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தி, ஆதாரத்தை முன்வைத்த பிறகு ஒப்புக்கொள்வது இதில் சேராது. நேர்காணலில் பதறி ‘எனக்கு அங்கே சொந்தக்காரர் யாருமில்லை’ என்று உளறிவிட்ட பையன், அடுத்த மூச்சிலேயே ‘மன்னிக்கவும், சித்தப்பா நியூஜெர்சியில் இருக்கிறார்’ என்று சொல்லலாம். சொல்ல வேண்டும். கூச்சப்பட்டு விழுங்கிவிட்டால் அந்தச் சித்தப்பா ஆயுளுக்கும் வினையாக வந்து நிற்கலாம்.

கனடாவில் இந்தத் தாராளம் கிடையாது. முடிவு வருவதற்குள் நாமே திருத்தம் அனுப்பலாம், அனுப்பத்தான் வேண்டும். ஆனால் அனுப்பியதால் மட்டும் தப்பினோம் என்று இருக்க முடியாது. சந்தேகம் வந்தால் மறுப்பதற்கு முன் விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வரும். அதற்குக் கெடு உண்டு. அந்தக் கடிதம் கன்சல்டன்சியின் மின்னஞ்சலுக்குப் போய்விட்டால் உங்களுக்குக் கெடு முடிந்த பிறகுதான் தெரியும்.

ஆகவே விண்ணப்பக் கணக்கு உங்கள் மின்னஞ்சலில் இருக்கட்டும், பாஸ்வேர்டு உங்களிடம் இருக்கட்டும். சமர்ப்பிக்கும் முன் முழுப் படிவத்தையும் பி.டி.எஃப். ஆக வாங்கி ஒவ்வொரு ‘இல்லை’யையும் படியுங்கள். காசு வாங்கிக்கொண்டு கனடா விண்ணப்பம் போடுகிறவர் அந்த நாட்டு உரிமம் உள்ளவரா, தன் பெயரைப் பிரதிநிதி படிவத்தில் எழுதுகிறாரா என்று கேளுங்கள். ‘அதெல்லாம் வேண்டாம், நீங்களே போட்ட மாதிரி போட்டுடலாம்’ என்பவரிடமிருந்து ஃபைலைத் திரும்ப வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். பழைய மறுப்பு இருந்தால் நாடு, தேதி, காரணம், அதன்பின் மாறியது என்ன என்று நான்கு வரி எழுதி, அந்த மறுப்புத் தாளையும் இணையுங்கள்.

வங்கிக் கையிருப்புக்கு இடமில்லாமல் போயிற்று. பிரிட்டன் கேட்கும் 28 நாள் கணக்கு, ‘பேலன்ஸ் காட்ட’ வட்டிக்குப் பணம் தருகிறவர்கள், ஒரே நாளில் வந்து விழும் லட்சங்களை அதிகாரிகள் எப்படிப் பார்க்கிறார்கள் எல்லாம் அடுத்த வாரம். ஈரோட்டுக்காரர் தன் பாஸ்புக் நகலை இப்போதே அனுப்பிவிட்டார்.

(தொடரும்)