தள்ளுபடியைத் தாங்குவோர் யார்?

குறைந்த வருவாயில் குடும்பம் நடத்துவோர் மலிவு விலையை நாடுவது இயல்பே. ஆயினும், அக்குறைவு எவர் தலையில் விழுகின்றது என்பதையும் நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

2023 டிசம்பர் வெள்ளத்தின்போது எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் கலந்தது. படகுகளும் வலைகளும் பாழாயின. மீன் வாங்க மக்கள் அஞ்சினர். இத்தகைய வேளையில் மீன் விற்கும் பெண்களிடம் அடிமாட்டு விலைக்குக் கேட்டால், இழப்பு முழுவதும் அவர்களையே சாரும். நமது கத்தரிக்காயை அவ்வாறு கேட்டால் நாம் பொறுப்போமா?

1935-இல் தோன்றிய கோ-ஆப்டெக்ஸ் தீபாவளிக்கு வழங்கும் 30 சதவீதத் தள்ளுபடி இதனின் வேறானது. அதனால் துணி தேங்குவதில்லை. நெசவாளிக்கு வேலையும் கிடைக்கின்றது.

ஆதலின், தேவையானவற்றை மட்டும் வாங்குவோம். கூட்டுறவுப் பண்டகசாலைகளை ஆதரிப்போம். உழைப்பவர் வயிற்றில் அடித்துச் சிக்கனம் தேடாதிருப்போம்.