விறகடுப்பு அமைத்தலும் அதன் செலவும்

வீட்டில் விறகடுப்பு அமைப்போர் அடுப்பின் விலையை மட்டும் கணக்கிடுதல் போதாது. அடுப்பின் விலை, அதனைப் பதிக்கும் செலவு, நாள்தோறும் எரியும் விறகு ஆகிய மூன்றையும் ஒருங்கே கருதல் வேண்டும். முதலிரண்டும் ஒருமுறைச் செலவுகள். மூன்றாவது என்றும் தொடர்வது.

2021 ஒக்டோபர் வரை கொழும்பில் 1,493 ரூபாவாக இருந்த 12.5 கிலோகிராம் சமையல் வாயுச் சிலிண்டர், 2022 ஏப்பிரலில் 4,860 ரூபாவாயிற்று. வாயு கிடைப்பதும் அரிதாகவே, நாட்டின் பல குடும்பங்கள் மீண்டும் விறகை நாடின. அவசரத்தில் மூன்று கல்லைக் கூட்டி எரிப்பது செலவற்றதாகத் தோன்றும். எனினும் அதில் வெப்பத்தின் பெரும்பகுதி வெளியே வீணாகின்றது.

இலங்கையில் 1980களில் பரவத் தொடங்கிய 'அனகி' அடுப்பு இக்குறையைக் குறைக்கும். இது சுட்ட களிமண்ணாலானது. இரு பானைகளை ஏற்கும். முதற் பானையின் கீழ் எரியும் தீயின் மிகுவெப்பம் உள்வழியாக இரண்டாம் பானையை அடைகின்றது. சோறு வேகும்போதே கறியும் வேகும். முறைப்படி பயன்படுத்தின் மூன்றிலொரு பங்களவு விறகு மிச்சமாகலாம்.

பதிப்பதற்குப் பணம் அதிகம் வேண்டியதில்லை. களிமண்ணையோ புற்றுமண்ணையோ உமியுடன் நீர்விட்டுப் பிசைந்து, அடுப்பைச் சுற்றி இரண்டு மூன்று அங்குலத் தடிப்பில் பூசுதல் வேண்டும். விறகிடும் வாயையும் பானை வைக்கும் இடங்களையும் மூடலாகாது. நன்கு உலர்ந்தபின், வெடிப்புக்களை அடைத்து, முதலில் சிறுதீயே மூட்டுக. மண்பூச்சு வெப்பத்தைக் காப்பதுடன் அடுப்பின் ஆயுளையும் நீட்டும்.

இவ்வடுப்பிற்குப் புகைபோக்கி இல்லை. ஆதலின் காற்றோட்டமுள்ள இடத்தில், ஓலைத் தட்டிக்கு அப்பால் அமைத்தல் அவசியம். புகை, சமைக்கும் பெண்களினதும் அருகிலிருக்கும் குழந்தைகளினதும் சுவாசத்தைக் கெடுக்கும். புகைபோக்கி வைப்போர் குழாய்க்கும் கூலிக்கும் தனியே பணம் ஒதுக்குக. ஓலைக் கூரையினூடாகச் சூடான குழாயைச் செலுத்துதல் தீ விபத்துக்கு இடமளிக்கும்.

விறகு எப்போதும் உலர்ந்திருத்தல் வேண்டும். ஈரவிறகின் வெப்பம் அதிலுள்ள நீரை ஆவியாக்குவதிலேயே கழியும். தென்னை மட்டை, பாளை, பன்னாடை, சிரட்டை ஆகியவற்றை மாரிக்கு முன் சேமித்து வைப்பது நன்று. மட்டக்களப்பு வாவியோரத்துக் கண்டல் மரங்களை விறகுக்காக வெட்டலாகாது. அவற்றின் வேர்களிடையே இறாலும் மீன்குஞ்சுகளும் வளர்கின்றன. அடுப்பில் மிச்சமாகும் பணம் வலையில் நட்டமாகக் கூடாது.

பழைய அடுப்பில் ஒரு வாரமும் புதிய அடுப்பில் ஒரு வாரமும் எரியும் விறகை நிறுத்துக் குறித்துக்கொள்க. மிச்சமாகும் விறகின் விலையைக் கொண்டு, செலவிட்ட பணம் எத்தனை வாரத்தில் மீளும் என்பதை ஒவ்வொரு குடும்பமும் தானே கணித்துக்கொள்ளலாம்.