எண்ணெய்க் குளியலா? முதலில் தரையைப் பாருங்கள்!

தீபாவளி கழிந்த முதல் வெள்ளிக்கிழமை. காலை பத்து மணி இருக்கும். எனக்குப் பல வருடங்களாகப் பழக்கமான ஒரு குடும்பத்தின் மருமகள் போனில் பதறினார். "ஐயா, அத்தை பாத்ரூம்ல விழுந்துட்டாங்க. எந்திரிக்கவே முடியல. நீங்க வந்து ஒரு கட்டுப் போட்டு விட்டீங்கன்னா..."

"யாரும் தூக்காதீங்கம்மா, அப்படியே படுக்க வையுங்க" என்று சொல்லிவிட்டு ஓடினேன். அந்த அம்மாளின் வலது கால் இடது காலைவிடக் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கமாகத் திரும்பிக் கிடந்தது. வயதானவர்கள் விழுந்து கால் இப்படித் தெரிந்தால், தொடை எலும்பு இடுப்போடு சேரும் கழுத்துப் பகுதியில் முறிந்திருக்கிறது என்றுதான் சந்தேகப்பட வேண்டும். பத்தை வைத்துக் கட்டிச் சரிசெய்கிற முறிவல்ல இது. அந்த இடத்துக்குப் போகும் ரத்தக் குழாய்களும் சேர்ந்து அறுந்துவிடலாம். வாரக்கணக்கில் படுக்கையில் போட்டால் படுக்கைப்புண், நிமோனியா என்று ஒவ்வொன்றாக வந்து சேரும். சித்த வைத்தியன் நானே சொல்கிறேன், இதற்கு எலும்பு சிகிச்சை நிபுணரிடம்தான் போக வேண்டும். உடனே ஆம்புலன்ஸில் ஏற்றி அனுப்பினேன். மறுநாள் ஆபரேஷன் நடந்தது.

அனுப்பிவிட்டுக் கை கழுவலாம் என்று அந்த பாத்ரூமுக்குள் காலை வைத்தேன். நானும் வழுக்கி, கதவைப் பிடித்துத் தப்பினேன்! தீபாவளிக்காகப் புதுப்பித்த பாத்ரூம். தரையில் முகம் பார்க்கலாம் போல வெள்ளை டைல்ஸ், சுவரிலும் அதே டைல்ஸ். அதன்மேல் நல்லெண்ணெயும் சீயக்காய் நுரையும்.

அந்த அம்மாளுக்கு வாரம் இரண்டு நாள் எண்ணெய் தேய்த்துக் குளிக்கச் சொன்னவன் நான்தான். இருபத்தைந்து வருடங்களாக எழுதிக் கொடுக்கிறேன். எந்த எண்ணெய், எவ்வளவு நேரம் ஊற வேண்டும், வெந்நீரில் குளிக்க வேண்டும், அன்று பகலில் தூங்கக் கூடாது என்று எல்லாம் சொல்வேன். "உங்க வீட்டு பாத்ரூம் தரை எப்படி இருக்கும்?" என்று மட்டும் ஒருவரிடமும் கேட்டதில்லை. நம் பாட்டிமார்கள் கிணற்றடியில் கொத்திய கருங்கல்லிலோ, சொரசொரப்பான சிமென்ட் தரையிலோ உட்கார்ந்து எண்ணெய் தேய்த்துக் குளித்தார்கள். குளியல் அப்படியே இருக்கிறது, தரைதான் மாறிவிட்டது.

ஆகவே பாத்ரூமைப் புதுப்பிக்கப் போகிறவர்கள், கடைக்குப் போகும் முன் இதைக் கொஞ்சம் படித்துவிட்டுப் போங்கள்.

கடையில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "இது சுவர் டைல்ஸா, தரை டைல்ஸா?" என்பது. சுவருக்கான செராமிக் டைல்ஸ் மெல்லியது, வழவழப்பானது, தன் எடையில் 10 சதவீதத்துக்கும் மேல் தண்ணீர் குடிக்கும். சுவரில் இருக்கும்வரை அதனால் தொந்தரவில்லை. டிசைன் பிடித்திருக்கிறது, மிச்சமும் இருக்கிறது என்று அதையே தரையிலும் ஒட்டிவிடுகிறார்கள் பாருங்கள், அங்கேதான் வினை! விட்ரிஃபைடு டைல்ஸ் அரை சதவீதத்துக்கு மேல் தண்ணீர் உறிஞ்சாது, உறுதியானது. ஆனால் 'விட்ரிஃபைடு' என்றால் வழுக்காது என்று அர்த்தமில்லை. பாலிஷ் போட்ட விட்ரிஃபைடு, ஹாலுக்கே சரி.

அட்டைப் பெட்டியிலோ விவரப் புத்தகத்திலோ ஆர் 9, ஆர் 10, ஆர் 11 என்று போட்டிருப்பார்கள். இது ஜெர்மனியில் ஏற்படுத்திய சோதனை முறை. சாய்வான பலகையில் டைல்ஸைப் பதித்து, எண்ணெய் ஊற்றி, ஷூ போட்ட ஆளை நடக்கவிட்டு, எத்தனை டிகிரி சாய்வில் வழுக்குகிறார் என்று பார்க்கிறார்கள். ஆர் 9 என்பது 10 டிகிரி வரை, ஆர் 10 என்பது 19 டிகிரி வரை, ஆர் 11 என்பது 27 டிகிரி வரை. எண் ஏற ஏறப் பிடிமானம் அதிகம். வெறுங்காலுக்கு சோப்புத் தண்ணீர் ஊற்றிச் செய்கிற தனிச் சோதனையும் உண்டு. அதில் ஏ, பி, சி என்று மூன்று தரம். சி தான் அதிகப் பிடிமானம். குளிக்கிற இடத்துக்கு குறைந்தது ஆர் 10, வெறுங்கால் சோதனையில் பி என்று கேட்டு வாங்குங்கள். கடைக்காரர் விழித்தால் ஒரு சாம்பிள் டைல்ஸை வீட்டுக்கு வாங்கி வாருங்கள். இரண்டு சொட்டு நல்லெண்ணெய், கொஞ்சம் சோப்புத் தண்ணீர் விட்டு, கட்டை விரலால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். விரல் ஓடுகிறதா, இழுக்கிறதா? (ஏறி நின்று பார்க்கிறேன் என்று கிளம்பிவிடாதீர்கள்!)

அதற்காக முள்ளுமுள்ளாக இருக்கிற தரையும் வேண்டாம். பள்ளங்களில் எண்ணெய்ப் பிசுக்கும் சோப்பும் அடைந்து பாசி பிடிக்கும். பிறகு அதுவே வழுக்கும். சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவர்களுக்குச் சிராய்ப்பு ஏற்பட்டாலும் தெரியாது. மேட் ஃபினிஷ், அளவில் சிறியது என்றால் உத்தமம். சின்ன டைல்ஸில் இணைப்புக் கோடுகள் அதிகம், ஒவ்வொரு கோடும் காலுக்கு ஒரு பிடி. கொத்தனாருக்குத் தண்ணீர் வடியும் சரிவு கொடுப்பதும் சுலபம். வேலை முடிந்ததும் ஒரு வாளித் தண்ணீர் கொட்டி, தேங்காமல் வடிகிறதா என்று பார்த்துவிட்டுக் கூலியைக் கொடுங்கள்.

கல் போட விரும்புகிறவர்களுக்கு: மார்பிள், கடப்பா, கோட்டா மூன்றுமே சுண்ணாம்புச் சத்துள்ள கற்கள். எலுமிச்சம்பழச் சாறு பட்டாலே பளபளப்பு போய்விடும். ஆசிட் பட்டால் பொங்கும். பாலிஷ் போடாத கோட்டா காலுக்கு நல்ல பிடிமானம், விலையும் குறைவு. ஆசிட் ஊற்றுகிற வழக்கம் இல்லாத வீட்டுக்கு அதை நான் சிபாரிசு செய்வேன். மார்பிள் எண்ணெய்யைக் குடித்துக் கறையாகிவிடும். கிரானைட் பெரும்பாலும் ஆசிட்டைத் தாங்கும், ஆனால் பாலிஷ் கிரானைட் ஈரத்தில் வழுக்கும். ஆகவே தரைக்கு வேண்டாம், வாஷ்பேசின் மேடைக்குப் போடுங்கள்.

மேடையைப் பற்றிச் சொல்லும்போது ஒன்று. வயதானவர்கள் எழுந்திருக்க அதைத்தான் பிடிப்பார்கள். விளிம்பை உருட்டச் சொல்லுங்கள். கூர்மையான முனையில் நெற்றி மோதிக் கிழிந்து வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஸ்லாபுக்கு அடியில் தாங்கல் இருக்க வேண்டும். அதைவிட நல்லது, டைல்ஸ் ஒட்டும்போதே கம்மோடு பக்கத்திலும் குளிக்கும் இடத்திலும் ஸ்டீல் கைப்பிடிக் கம்பியைச் செங்கல் சுவரில் ஆழமாக இறக்கிவிடுவது. துண்டு போடுகிற கம்பி ஆள் எடையைத் தாங்காது.

இணைப்புகளில் பூசுகிற சாதாரண சிமென்ட் கலவை, மஞ்சளையும் எண்ணெய்யையும் குடித்துக் கறுத்துப் பூஞ்சை பிடிக்கும். பூஞ்சை வாடை ஆஸ்துமாக்காரர்களுக்கு ஆகாது. வெள்ளையாக்குகிறேன் என்று ஆசிட் ஊற்றினால் அந்தக் கலவையே கரைந்துபோகும், புகை நெஞ்சை அடைக்கும். ஆசிட்டோடு பிளீச்சிங் பவுடர் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். கதவைச் சாத்திய பாத்ரூமில் அது உயிருக்கே ஆபத்து. எபாக்சி கிரவுட் விலை கூடுதல்தான், ஆனாலும் கறையைக் குடிக்காது. போர்வெல் தண்ணீரின் உப்புப் படிவுக்குக் குளித்தவுடன் வைப்பரால் தண்ணீரைத் தள்ளிவிடுவதே போதும்.

நிறம்? தரையும் சுவரும் ஒரே வெள்ளையாக இருந்தால், கண்புரை உள்ளவர்களுக்குத் தரை எங்கே முடிகிறது என்றே தெரியாது. தரை ஒரு நிறம், சுவர் ஒரு நிறம் வையுங்கள். வாசற்படி இருந்தால் அது மூன்றாவது நிறம். புள்ளி போட்ட தரை வேண்டாம். விழுந்த சோப்புத் துண்டு கண்ணுக்குத் தெரியாது.

வாடகை வீட்டுக்காரர்கள் என்ன செய்வது? அடியில் உறிஞ்சு குமிழ் உள்ள ரப்பர் மேட், அகலமான கால்களுள்ள ஸ்டூல். எண்ணெய்யைப் பாத்ரூமில் தேய்க்காதீர்கள், வெளியே பழைய துணி விரித்து உட்கார்ந்து தேய்த்து, உள்ளங்காலை மட்டும் நன்றாகத் துடைத்துவிட்டு உள்ளே போங்கள்.

அந்த அம்மாள் இப்போது வாக்கர் பிடித்து நடக்கிறார். மகன், குளிக்கிற மூலையில் நாலடிக்கு நாலடி மட்டும் உடைத்து, நாலு அங்குல மேட் டைல்ஸ் போட்டிருக்கிறார். "எண்ணெய் தேய்ச்சுக்கலாமா ஐயா?" என்று போன வாரம் கேட்டார்கள். "இன்னும் ஆறு மாசம் போகட்டும்மா. அதுவரைக்கும் மருமகள் கையால உட்கார்ந்த இடத்துலேயே தேய்ச்சு, வெந்நீர்த் துணியால துடைச்சுக்குங்க" என்றேன்.

என் மருந்துச் சீட்டில் இப்போதெல்லாம் எண்ணெயின் பெயருக்கு மேலே 'தரை?' என்று ஒரு வரி இருக்கிறது.